பத்து நாற்காலியும் ஒரு பீப்பாய் ரப்பர் பாலும்: குமரி வணிகர் மென்பொருள் மாநாட்டுக்குப் போவது பற்றி

வணிக மேலாண்மை மென்பொருள் மாநாடுகளில் மேடையில் காட்டப்படும் செயல்விளக்கம் பெரும்பாலும் ஒரே கதையாகத்தான் இருக்கும். ஒரு வாடிக்கையாளர் பத்து நாற்காலிகள் கேட்பார். கிடங்கில் ஆறு இருக்கும். மீதி நான்குக்கான கொள்முதல் ஆணை தானாகவே உருவாகும். சரக்கு வந்ததும் இருப்பு கூடும். பில் அடித்ததும் வரி பிரிந்து நிற்கும். பணம் வந்ததும் பேரேட்டில் பற்றும் வரவும் நேராகிவிடும். ஏழெட்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்து அரங்கம் கைதட்டும். சென்ற ஆண்டு சென்னையில் அப்படியொரு மாநாட்டில், என்னுடன் வந்திருந்த குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவர் கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து, "சார், இந்தப் பத்து நாற்காலி காலையில் வாங்கும்போது பத்தாகவும், சாயங்காலம் சோதனை முடிந்தபிறகு மூன்றரையாகவும் ஆகிவிட்டால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்?" என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் நீர். பாலை எடைபோட்டு வாங்கினாலும், விலை கொடுப்பது அதிலுள்ள உலர் ரப்பருக்குத்தான். அந்த விகிதத்தை வியாபாரத்தில் டி.ஆர்.சி. என்று சொல்வார்கள். நூறு கிலோ பாலில் டி.ஆர்.சி. 35 விழுக்காடு என்றால் 35 கிலோவுக்குப் பணம்; அது 30 ஆக இறங்கினால் 30 கிலோவுக்குத்தான் பணம். மரத்தின் வகை, வயது, பருவம், முந்தின இரவு பெய்த மழை என்று பலவும் அதை மாற்றும். தோட்டக்காரர் பாலைக் கொண்டுவந்து ஊற்றும் நேரத்தில் எடை மட்டுமே தெரியும். மாதிரி எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, அழுத்தி உலர்த்தி எடைபார்த்த பிறகே விலைக்குரிய அளவு உறுதியாகும். அதாவது ஒரே சரக்குக்கு இரண்டு அளவுகள், வெவ்வேறு நேரங்களில் பிறக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதமோ பீப்பாய்க்குப் பீப்பாய் வேறுபடுகிறது. பெரும்பாலான மென்பொருள்களில் உள்ள அலகு மாற்ற வசதி, ஒரு டசனுக்குப் பன்னிரண்டு, ஒரு மூட்டைக்கு ஐம்பது கிலோ என்று ஒருமுறை எழுதிவைத்தால் என்றும் மாறாத விகிதங்களை நம்பிக் கட்டப்பட்டது. வியாபாரியின் கேள்வி அந்த நம்பிக்கையின் மீது கைவைத்தது. மேடையில் இருந்தவர், "அதை மென்பொருளை நிறுவித் தரும் எங்கள் பார்ட்னர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

நாகர்கோவிலில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி வரித்தாக்கல் செய்து தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், இத்தகைய மாநாடுகளுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். போகலாம் என்பதே என் பதில். ஆனால் மேடையில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதற்காக அல்ல. நம் தொழிலில் மிகவும் முரண்டு பிடிக்கும் இரண்டு மூன்று பில்களைக் கையில் கொண்டுபோய், அவற்றை அங்கே போட்டுக்காட்டச் சொல்வதற்காகப் போக வேண்டும். இப்படிச் சொல்வதற்கான காரணம் இந்த மென்பொருள்கள் வந்த வழியில் இருக்கிறது.

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் கணினி நுழைந்தபோது அதற்குக் கிடைத்த முக்கியமான வேலைகளில் ஒன்று, ஒரு டிராக்டர் செய்ய எத்தனை திருகுகள், எத்தனை சக்கரங்கள் வேண்டும், அவற்றை எந்த நாளுக்குள் வாங்கிவைக்க வேண்டும் என்று முடிவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது. டிராக்டர் தயாரித்த ஜே.ஐ. கேஸ் நிறுவனத்திலும் பின்னர் ஐ.பி.எம்.மிலும் பணியாற்றிய ஜோசப் ஒர்லிக்கி இந்த முறையை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். பொருள் தேவைத் திட்டமிடல் என்ற பொருள்படும் அந்த முறைக்கு எம்.ஆர்.பி. என்று பெயர், நம் கடைகளில் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1972இல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மைவிட்டு விலகிய ஐந்து பேர் எஸ்.ஏ.பி. நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கொள்முதல், உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகியவை தனித்தனிக் கோப்புகளில் கிடக்காமல் ஒரே தரவுத்தளத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. 1990இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இவ்வகை மென்பொருளுக்கு, நிறுவன வளத் திட்டமிடல் என்ற பொருளில், இ.ஆர்.பி. என்று பெயர் சூட்டியது; 1992இல் எஸ்.ஏ.பி. வெளியிட்ட ஆர்/3 மென்பொருள் அதை உலகெங்கும் கொண்டுபோனது. திருகை எண்ணலாம், காலையில் எண்ணியதே மாலையிலும் இருக்கும். எண்ணக்கூடிய உதிரிகளைச் சேர்த்து ஒரு முழுப்பொருளைச் செய்யும் தொழிற்சாலையே இந்த மரபின் தாய்வீடு. மேடையில் நாற்காலி வந்து நிற்பது விளக்குபவரின் சோம்பலால் மட்டுமல்ல.

இந்தியாவில் பெரும்பாலான வணிகர்கள் அறிந்த மரபு வேறு. 1986இல் பெங்களூருவில் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் அவருடைய மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய டேலி, பேரேட்டின் பக்கத்திலிருந்து வளர்ந்தது. நாகர்கோவிலின் கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய ஒரு கணக்குப்பிள்ளைக்கு டேலி அந்நியமாக இருக்கவில்லை. அவர் கையால் செய்துகொண்டிருந்ததையே அது திரையில் செய்தது. இன்றைக்கு நம் பக்கத்தில் "டேலி போடுவது" என்பது கணக்கு எழுதுவதற்கு மறுபெயராகவே ஆகிவிட்டது. ஆனால் இந்த மரபில் பில்தான் முதலில் பிறக்கிறது. சரக்கு எங்கே, எந்த நிலையில் கிடக்கிறது என்பது அதன் பின்னால் வரும் செய்தி. இருப்புக் கணக்கு வைக்கும் வசதி டேலியில் உண்டு. நம்மவர்களில் பலர் அதைத் தொடுவதில்லை. இ.ஆர்.பி. மரபிலோ சரக்கு நகர்ந்தால்தான் கணக்கு நகரும். எடைமேடையில் இருப்பவர் பதிவுசெய்யாவிட்டால் கணக்கறையில் பில் போட முடியாது. குமரி வணிகர் ஒருவர் இந்த மாநாட்டுக்குப் போகிறார் என்றால், அவர் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மட்டும் போகவில்லை. கணக்கறையின் கையிலிருந்து எடைமேடையின் கைக்கு அதிகாரத்தை மாற்றப் போகிறார். இந்த மாற்றத்தைப் பற்றி எந்த மேடையிலும் நான் தெளிவாகக் கேட்டதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் இப்போது மாநாட்டின் விற்பனை அரங்குகளில் நிற்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஜோஹோ ஆன நிறுவனம், இணையத்தில் மாதச் சந்தாவுக்குக் கிடைக்கும் மென்பொருள்களை விற்கிறது. அதன் அலுவலகம் ஒன்று நமக்கு அதிகத் தொலைவில்லாத தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் இருப்பதால் நம் இளைஞர்களுக்கு அது பழக்கமான பெயர். பெல்ஜியத்தில் ஃபேபியன் பின்கார்ஸ் 2005இல் தொடங்கிய ஓடூ, மும்பையிலிருந்து வந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஆகியவை திறமூல மரபைச் சேர்ந்தவை. திறமூலம் என்றால் இலவசம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களை அரங்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். மூலநிரல் கிடைக்கும் என்பது உண்மை. அதை நம் தொழிலுக்கு ஏற்பத் திருத்தித் தருபவருடைய நேரம் இலவசமாகக் கிடைக்காது.

மாநாடு எதற்காக நடத்தப்படுகிறது என்பதையும் அறிந்துகொண்டு போவது நல்லது. பெட்டியில் வைத்து ஒருமுறை விற்ற காலத்தில் விற்பனை முடிந்ததும் நிறுவனத்தின் பாடும் ஏறத்தாழ முடிந்தது. சந்தா முறை வந்தபின் வாடிக்கையாளர் ஆண்டுதோறும் தங்க வேண்டும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் புதியதற்கு நகர வேண்டும். எஸ்.ஏ.பி. தன்னுடைய பழைய இ.சி.சி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியுடன் நிறுத்துவதாக அறிவித்திருப்பது இந்த அழுத்தத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு. எனவே மேடைப்பேச்சில் பாதி, இனி வரப்போவதைப் பற்றியதாகவே இருக்கும். அண்மையில் அது செயற்கை நுண்ணறிவைப் பற்றியதாக ஆகியிருக்கிறது. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் இத்தகைய பேச்சின் தொடக்கத்தில், இன்று கையில் உள்ள வசதிகளை வைத்தே வாங்கும் முடிவை எடுங்கள் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையைத் திரையில் காட்டுவது வழக்கம். பங்குச்சந்தைச் சட்டத்துக்கு அஞ்சிப் பொடி எழுத்தில் காட்டப்படும் அந்த ஒரு பக்கம்தான் என் கணிப்பில் அன்றைய நாளின் மிக நேர்மையான பக்கம்.

அரங்குகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மென்பொருளை எழுதியவர்கள் அல்லர். அதை விற்று, நிறுவி, பயிற்சி தரும் பார்ட்னர்கள். நம் தொழிலுக்கு வந்து உட்காரப்போகிறவர் அவரே. ஆகவே மென்பொருளின் பெயரைவிட, அதை நிறுவித் தருபவர் இதற்கு முன்பு எந்தத் தொழிலுக்குச் செய்திருக்கிறார், அந்தத் தொழிற்சாலைக்கு நம்மை அழைத்துச் செல்வாரா என்று கேட்பது முக்கியம். ரப்பர் பாலுக்கு நெருங்கிய வசதி பெரிய மென்பொருள்களில் இருக்கவே செய்கிறது: பன்னீர்க்கட்டி, இறைச்சி போன்றவற்றுக்காகத் துண்டுக் கணக்கையும் எடையையும் தனித்தனியாக வைக்கும் வசதி ஒன்று, வேதிப்பொருள்களுக்காக, கரைசலின் எடையையும் அதில் உள்ள வீரியப்பொருளின் எடையையும் சேர்த்து வைக்கும் வசதி இன்னொன்று. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் "ரப்பர் பாலுக்கு வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லா அரங்கிலும் இருக்கிறது என்ற பதிலே வரும். "கொள்முதல் எடை வேறு, விலைக்குரிய எடை வேறு, இரண்டாவது எடை மறுநாள்தான் வரும், இரண்டும் ஒரே பதிவில் நிற்குமா, தோட்டக்காரருக்குக் கொடுத்த முன்பணம் அதில் கழியுமா?" என்று கேட்டு, அங்கேயே ஒரு பதிவைப் போட்டுக்காட்டச் சொன்னால் பத்து அரங்குகள் இரண்டாகக் குறைந்துவிடும்.

முந்திரியில் சிக்கல் வேறு மாதிரி. நம் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலைகளுக்குக் கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. 80 கிலோ மூட்டை ஒன்றில் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதை வைத்தே உலகச் சந்தையில் கொட்டையின் தரம் பேசப்படுகிறது. 48 பவுண்டு என்றால் ஏறத்தாழ 22 கிலோ. கொட்டையை அவித்து, உடைத்து, போர்மா என்ற சூட்டறையில் உலர்த்தி, தோலுரித்து, தரம் பிரித்தபின் அந்த 22 கிலோவும் ஒரே சரக்காக இருப்பதில்லை. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்புகள். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. அவற்றுக்குக் கீழே இரண்டாகப் பிளந்தவை, துண்டுகள், குருணை. அவற்றோடு ஓடும் தோலும். டிராக்டர் தொழிற்சாலையில் பல பொருள்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. அண்டி ஆபீஸில் ஒன்று பலவாகப் பிரிகிறது. மென்பொருளின் உதிரிப்பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கலாம்தான், ஆனால் அடக்கவிலையை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அங்கே உடனே எழும். ஒரு மூட்டையின் விலையையும் கூலியையும் எடை விகிதத்தில் எல்லாத் தரங்களுக்கும் பகிர்ந்தால், குருணை ஒவ்வொரு மாதமும் நட்டத்துக்கு விற்பதாகவும் முழுப்பருப்பு கொள்ளை லாபம் தருவதாகவும் அறிக்கை வரும். அதை நம்பி யாராவது குருணையை விற்காமல் நிறுத்தினால், மொத்த வரவுதான் குறையுமே தவிர நட்டம் குறையாது. குருணை இல்லாமல் முழுப்பருப்பு பிறப்பதில்லை. சந்தை மதிப்பின் விகிதத்தில் பகிர்வதே கூட்டுப்பொருள் தொழில்களில் பெரிதும் ஏற்கப்பட்ட வழி. மென்பொருள் எந்த வழியைத் தானாக எடுத்துக்கொள்கிறது, அதை மாற்ற முடியுமா என்று கேட்காமல் வாங்கிய ஓர் ஆலையில் எட்டு மாதம் தவறான லாபக்கணக்கைப் பார்த்து முடிவெடுத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தபோது ஆண்டுக்கணக்கு முடியும் தறுவாயில் இருந்தது.

கூலியும் இங்கே சரக்கோடு பிணைந்தது. உடைப்பவர், தோலுரிப்பவர், தரம் பிரிப்பவர் என்று பெரும்பாலும் பெண்களே செய்யும் இந்த வேலைகளில் பெரும்பகுதிக்குக் கூலி கிலோ கணக்கு. அந்த எடையே உற்பத்திப் பதிவாகவும், கூலிப் பதிவாகவும், வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. கணக்குகளுக்கு அடிப்படையாகவும் ஆகிறது. ஆனால் பல மென்பொருள்களில் சம்பளப் பகுதி மாதச்சம்பளக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உற்பத்திப் பகுதியோடு அதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே எடையை மூன்று இடங்களில் மூன்று பேர் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், இருபதாயிரம் ரூபாய் மென்பொருளுக்கும் இருபது லட்ச ரூபாய் மென்பொருளுக்கும் தொழிலாளியின் பார்வையில் வேறுபாடு இல்லை.

தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே தொடங்கி, மணிக்கொரு விலை மாறி, கமிஷனுக்கு விற்று, அன்றைக்கே கணக்குத் தீர்க்கும் வியாபாரத்துக்குப் பெரிய இ.ஆர்.பி. தேவையில்லை என்பதே என் எண்ணம். கைப்பேசியில் ஓடும் நல்ல கமிஷன் கணக்குச் செயலி போதும். மீன் ஏலத்துக்கும் அதுவே பொருந்தும்.

மாநாட்டு அரங்குகளில் அதிகம் கேட்கும் சொல் "கட்டாயம்" என்பது. எது யாருக்குக் கட்டாயம் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி விற்பனைப் பேச்சு உதிர்ந்துவிடும். அரசுத் தளத்தில் பதிந்து பெறும் மின்னணு பில்லான இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு வந்தது. அதுவும் பதிவுபெற்ற வணிகர்களுக்கிடையிலான விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும்தான். கடையில் வந்து வாங்கும் நுகர்வோருக்கான பில்லுக்கு இல்லை. முந்திரியிலும் ரப்பரிலும் சரக்கின் விலை அதிகம் என்பதால், லாபம் சிறிதாக இருக்கும் நிறுவனமும் 5 கோடியை எளிதில் தாண்டிவிடும். கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தின் சுவடும் அழியாமல் நிற்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற கம்பெனிகளுக்கு உரியது. நம் மாவட்டத்தில் பெரும்பாலானவை தனியாள் நிறுவனங்களும் கூட்டு நிறுவனங்களும் ஆகையால் அந்த விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. திருத்தச்சுவடு நல்ல பழக்கமே; நல்ல பழக்கத்தைச் சட்டம் என்று சொல்லி விற்பது வேறு.

உள்ளூர் விவசாயியிடமிருந்து உடைக்காத முந்திரிக்கொட்டையைப் பதிவுபெற்ற வணிகர் வாங்கினால், ஜி.எஸ்.டி.யை விற்றவர் செலுத்துவதில்லை. வாங்கியவரே செலுத்தி, பின்னர் அதைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். இறக்குமதிக் கொட்டைக்கு வரி வரும் வழியே வேறு. ஒரே கிடங்கில் இரண்டும் கலந்து கிடக்கும் ஆலைக்கு இதைப் போட்டுக்காட்டச் சொல்வது நல்ல சோதனை. சரக்கை வண்டியில் அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டாகிய இ-வே பில்லுக்கும் நம் எல்லை ஒரு விசித்திரத்தைத் தருகிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கோ 50,000 ரூபாயிலேயே வரம்பு. மார்த்தாண்டத்திலிருந்து எழுநூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போகும் 80,000 ரூபாய் சரக்குக்கு வேண்டாம்; எல்லையிலுள்ள களியக்காவிளையைக் கடந்து கேரளத்தில் அடுத்த நிறுத்தமான பாறசாலைக்குப் போகும் அதே சரக்குக்கு வேண்டும். வரியும் அங்கே மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரியாமல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யாக மாறும். சென்னை நிறுவனங்களுக்குக் கேரளம் தொலைவில் உள்ள ஒரு மாநிலம். நமக்கு அது அடுத்த தெரு.

எல்லையோரக் கணக்கு நம் முன்னோருக்கும் புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, இணையும்வரை இந்த மண் திருவிதாங்கூரின், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியின், தென்பகுதியாக இருந்தது. சக்கரம் என்பது அன்றைய திருவிதாங்கூர் நாணயம்; திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் செல்லும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை ஒவ்வொரு சரக்கிலும் விடாமல் கணக்கில் ஏற்றிய கோட்டாற்று வணிகருக்கு, இன்று அரங்கில் பல நாணய வசதி என்று பெருமையாகக் காட்டப்படுவது வியப்பாக இருந்திருக்காது.

நம் பழக்கத்துக்கு மென்பொருளை வளைப்பதா, மென்பொருளுக்கு நம் பழக்கத்தை வளைப்பதா என்பதே மாநாட்டிலிருந்து திரும்பும் வழியில் எல்லோரும் பேசும் பேச்சு. நாகர்கோவில் வரும் இரவு ரயிலில் இந்த விவாதம் திருநெல்வேலி தாண்டியும் முடிவதில்லை. ஜெர்மனியின் லிடில் சங்கிலிக் கடைகளின் அனுபவம் இதில் பெரிதும் எடுத்துச்சொல்லப்படும் ஒன்று. அந்த நிறுவனம் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. வாங்கிய மென்பொருளின் இயல்பான முறையோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. தன் பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளையே திருத்தத் தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்குப் பின், ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான நிலையில், 2018இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இதைச் சொல்லி, எதையும் திருத்தாதீர்கள், மென்பொருள் சொல்வதுபோல் தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஆலோசகர்கள் அறிவுரை தருவார்கள்.

அந்த அறிவுரையைப் பாதிதான் ஏற்க முடியும். மழை பெய்தால் பாலில் நீர் கூடுவது பழக்கம் அல்ல, இயற்கை. ஒரு கொட்டை ஏழெட்டுத் தரமாகப் பிரிவதும் அப்படியே. இவற்றுக்கு மென்பொருள்தான் வளைய வேண்டும். வளையாவிட்டால் வேறொன்றைத் தேட வேண்டும். ஆனால் தோட்டக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை முதலாளியின் சட்டைப்பைத் துண்டுச்சீட்டில் எழுதிவைத்து மாதக்கடைசியில் கணக்குப்பிள்ளையிடம் கொடுப்பதும், ஒரே வியாபாரிக்கு மூன்று பெயரில் மூன்று கணக்கு வைத்திருப்பதும் வெறும் பழக்கம். இவற்றைக் காப்பாற்ற ஒரு ரூபாயும் செலவிடக் கூடாது. மாநாட்டுக்குப் போகும் முன்பு தொழிலில் உள்ள வழக்கங்களை ஒரு தாளில் எழுதி, எது இயற்கை, எது பழக்கம் என்று கோடு கிழித்துக்கொண்டு போகிறவர், அரங்கில் நிற்பவரைவிடத் தெளிவாக இருப்பார். கோடு கிழிப்பது எளிதல்ல. அண்ணன் தம்பி கூட்டாக நடத்தும் நிறுவனங்களில் இதற்கே இரண்டு வாரம் ஆகும்.

செலவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு பயனாளருக்கு மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்று சொல்லப்படும் விலை, பயனாளர்கள் யார் யார் என்று எண்ணும்வரைதான் சிறிதாக இருக்கும். எடைமேடை, வாயிற்காவல், போர்மா, தரம் பிரிக்கும் கூடம் என்று எண்ணத் தொடங்கினால் அண்டி ஆபீஸில் பதினைந்து பேர் ஆகிவிடுவார்கள். பழைய கணக்கை மாற்றிக் கொண்டுவருவதும் பயிற்சியும் தனிச்செலவு. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துத் தோட்டங்களில் பால் சேகரிக்கும் இடத்தில் இணையம் விட்டுவிட்டு வரும் என்பதால், இணைப்பு இல்லாதபோது பதிந்ததை வைத்திருந்து பின்னர் அனுப்புமா என்று கேட்க வேண்டும்; கேட்பதோடு நிற்காமல், அரங்கில் இருப்பவரின் கைப்பேசியில் இணைப்பை அணைத்துவிட்டுப் பதிந்துபார்க்கச் சொல்ல வேண்டும். தோட்டக்காரருக்குக் கொடுக்கும் சீட்டு தமிழில் வருமா என்பதையும் அங்கேயே அச்சிட்டுப் பார்த்துவிடலாம்.

எல்லாம் பொருந்தி வாங்க முடிவெடுத்தபின், எந்த நாளில் புதிய மென்பொருளுக்கு மாறுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அமெரிக்க மிட்டாய் நிறுவனமான ஹெர்ஷி 1999 ஏப்ரலில் மாறத் திட்டமிட்டிருந்தது. வேலை முடியாமல் தள்ளிப்போய், ஜூலையில், ஆண்டின் மிகப்பெரிய விற்பனைக்காலமான ஹாலோவீனுக்கான ஆர்டர்கள் குவியும் நேரத்தில் மாறியது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் பத்துக் கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்களைக் குறித்த காலத்தில் அனுப்ப முடியாமல் போனது. நமக்கு ஆண்டுக்கணக்கு தொடங்கும் ஏப்ரல் 1 எல்லோரும் சொல்லும் நாள். ரப்பர் வியாபாரிக்கு அது பொருந்தும்: பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்துத் தளிர்ப்பதால் பால்வெட்டு குறைந்திருக்கும், வரவு குறைவான நாள்களில் தவறுகளும் சிறிதாக இருக்கும். முந்திரி ஆலைக்கு அப்படி அல்ல. மேற்கு ஆப்பிரிக்க அறுவடை பிப்ரவரி முதல் ஜூன் வரை இறங்கும் காலத்தின் நடுவில் ஏப்ரல் வந்து நிற்கிறது, தூத்துக்குடியில் கப்பல் காத்துக்கொண்டிருக்கும்போது எடைமேடையில் புதுத்திரையைப் பழக முடியாது. அந்த ஆலைக்காரர் அக்டோபர் 1 வரை காத்திருந்து, ஆண்டின் நடுவில் மாறுவதால் வரும் கூடுதல் கணக்கு வேலைக்கு எனக்கோ என்னைப்போன்ற ஒருவருக்கோ கூடுதலாகக் கொஞ்சம் கட்டணம் கொடுத்துவிடுவது மலிவு. குலசேகரத்து வியாபாரி அந்த மாநாட்டில் கடைசிவரை சுற்றி, ஐந்தாவது அரங்கில் ஒரு பார்ட்னரை உட்காரவைத்து மூன்று பீப்பாய்க்கான பதிவைப் போடவைத்தார். மூன்றாவது பீப்பாய்க்கு வேண்டுமென்றே டி.ஆர்.சி.யை மறுநாள் தேதியில் கொடுத்தார். பதிவு நின்றது. அந்த பார்ட்னரின் விலைப்பட்டியலையும், அவர் ஏற்கெனவே செய்துகொடுத்திருந்த கோட்டயத்து லேட்டக்ஸ் ஆலை ஒன்றின் முகவரியையும் வாங்கிக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் பால்வெட்டு குறையும்போது அந்த ஆலைக்கு ஒருநாள் போய்வருவதாகத் திட்டம்.